சிலருக்கு உடனே, சிலருக்கு வேண்டவே வேண்டாம்: ஆன்டிபயாடிக் கேள்விகள்

குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம் பக்கத்து வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், எல்லையோர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு மருத்துவர்.

ராத்திரி காய்ச்சலோடு நாலு வயதுப் பையனை கேஷுவாலிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆன்டிபயாடிக்கூட எழுதக் கூடாதா?

மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறான், காய்ச்சல் இறங்கியதும் விளையாடுகிறான் என்றால் அநேகமாக வைரஸ்தான். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரும். எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ வந்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு கிடையாது. காய்ச்சல் என்றாலே மருத்துவமனை.

என் மாமியாருக்கு டெஸ்ட் ரிசல்ட் வரும் முன்பே டிரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அதை நிறுத்திவிட்டுச் சாதாரண மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். செலவைக் குறைக்கவா?

இல்லை, இரண்டுமே சரியான வைத்தியம். ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு குழறி வருகிறவருக்குத் தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம். அப்படி ஷாக் நிலையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். முதலில் கல்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுப்போம், உடனே மருந்தை ஏற்றுவோம். எந்தக் கிருமி என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும். தெரிந்ததும், அதற்கு மட்டும் போதுமான மருந்துக்கு இறங்கி வருவோம். பெரிய மருந்தை எதற்கு வீணாகத் தொடர வேண்டும்?

ஏலத்தோட்டத்தில் வேலை. ஆறு நாளாகக் காய்ச்சல். தினமும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டும் கேட்கவில்லை. கேஷுவாலிட்டியில் வெறும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தந்தார்கள். ஊசிக்கே கேட்காதது மாத்திரைக்குக் கேட்குமா?

கேட்கும். நம் மலைப்பக்கத்தில் புதரிலும் புல்லிலும் வேலை செய்கிறவர்களுக்கு விடாத காய்ச்சல் வந்தால் ஸ்க்ரப் டைஃபஸை நினைக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். செஃப்ட்ரையாக்சோன் கிருமியின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. இந்தக் கிருமியிடம் அது பலிக்காது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள்ளேயே போய்க் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும். பெரும்பாலோருக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் சொற்பம்.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவாகத்தான் இருக்கும். டாக்டர் துணி விலக்கிப் பார்க்கத் தயங்குவார், பெண்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள். நர்ஸிடமாவது சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்காக அடுத்த காய்ச்சலுக்கு நீங்களே டாக்ஸி வாங்கிப் போடாதீர்கள். அது டெங்குவாக இருந்தால்?

குமுளி மெடிக்கலில் சீட்டு இல்லாமல் செஃபிக்ஸைம் தர மறுக்கிறார்கள். மலை இறங்கி வேறு ஊரில் வாங்கலாமா?

சட்டம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். செஃபிக்ஸைம் என்ற ஆன்டிபயாடிக் அட்டவணை ஹெச்1-இல், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் சட்டப் பட்டியலில், இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து, மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். கேரளத்தில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று சோதனையை இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

நாய் கடித்தது. வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் போட்டுக்கொண்டேன். போதுமா?

போதாது! வெறிநோய் வைரஸால் வருவது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கும் ஊசியும் போட வேண்டும். ஆழமான கடி, கையில் கடி என்றால் ஆன்டிபயாடிக்கும் தருவோம். எது என்பதை அங்கே முடிவு செய்வார்கள். மிச்ச மாத்திரையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.