புதிய பென் டிரைவின் கொள்ளளவு உண்மையானதுதானா?

கேள்வி: புதிதாக வாங்கிய 128 ஜிபி பென் டிரைவைக் கணினியில் செருகினால் 119 ஜிபி என்றே காட்டுகிறது. இது போலியா? மடிக்கணினியில் உள்ள குடும்பப் புகைப்படங்களை இதில் ஏற்றிவிட்டு, அங்கிருப்பவற்றை அழித்துவிட எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் இதை எப்படிச் சோதிப்பது?

பதில்: சோதனை முழுமையாக முடியும்வரை மடிக்கணினியில் இருக்கும் படங்களில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது 119 என்ற எண் அல்ல, அந்தக் கடைசித் திட்டம்தான்.

119 என்று காட்டுவது இயல்பே. தயாரிப்பாளர்கள் 100 கோடி பைட்டுகளை ஒரு ஜிபி என்று கொள்கிறார்கள். விண்டோஸ் ஏறத்தாழ 107.4 கோடி பைட்டுகளை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறது. ஆகவே 128 ஜிபி அங்கே 119 ஆகவும், 64 ஜிபி 59 அல்லது 60 ஆகவும் தெரியும். இதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் இதே எண்ணை வைத்து அசல் என்றும் சொல்லிவிட முடியாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

காரணம், கணினி பென் டிரைவுக்குள் இருக்கும் நினைவகத்தை அளந்து பார்ப்பதில்லை. உள்ளே உள்ள கண்ட்ரோலர் என்ற சிறு சில்லைக் கேட்டு, அது சொல்லும் எண்ணை அப்படியே காட்டுகிறது. போலி தயாரிப்பவர்கள் 8 அல்லது 16 ஜிபி நினைவகத்தைப் பொருத்திவிட்டு, கண்ட்ரோலரின் மென்பொருளை மட்டும் மாற்றி, 128 என்றோ அதைவிடப் பெரிய எண்ணையோ சொல்ல வைக்கிறார்கள். ஃபார்மட் செய்தாலும் அதே எண்தான் வரும். உண்மையான அளவைத் தாண்டி நீங்கள் எழுதும் தரவு சில போலிகளில் எங்கும் பதியாமல் மறைந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பி, முன்பு பதிந்தவற்றின் மேல் எழுதப்படுகிறது. அப்போதும் கோப்புகளின் பெயரும் அளவும் பட்டியலில் சரியாகவே தெரியக்கூடும், ஏனெனில் அந்த விவரங்களைத் தாங்கும் பகுதி பெரும்பாலும் உண்மையான நினைவகத்துக்குள்ளேயே இருக்கிறது. நகலெடுத்தபோது எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது. பல மாதங்கள் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியவரும்.

எனவே நம்பத்தக்க வழி ஒன்றே: அறிவிக்கப்பட்ட கொள்ளளவு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. விண்டோஸில் இதற்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசச் செயலியும், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்ற திறமூலக் கருவியும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஒரே திரைப்படக் கோப்பைப் பலமுறை நகலெடுத்து நிரப்பிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டாலும் உள்ளடக்கம் ஒன்றே என்பதால் வேறுபாடு புலப்படாமல் போகலாம். இந்தக் கருவிகள் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியான தரவை எழுதுவதால், எது எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடித்துவிடுகின்றன.

சோதிக்கும்போது பென் டிரைவ் காலியாக இருக்க வேண்டும். கருவி காலியிடத்தில் மட்டும்தான் எழுதும் என்றாலும், போலியாக இருந்தால் ஏற்கெனவே உள்ளவையும் அழிந்துபோகும். எழுதி முடித்ததும் முறைப்படி வெளியேற்றிவிட்டு, மீண்டும் செருகிப் படிக்கச் செய்யுங்கள். சற்றுமுன் எழுதிய தரவைக் கணினி தன் சொந்த நினைவகத்திலிருந்தே எடுத்துத் தரும் வாய்ப்பை இது தவிர்க்கும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 128 ஜிபியை எழுத மட்டுமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். கொஞ்சம் எழுதிவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நிறுத்துவதில் பயனில்லை, ஏனென்றால் போலியிலும் முதல் சில ஜிபி நன்றாகவே வேலை செய்யும்.

முடிவில் பிழையே இல்லை என்றால் கொள்ளளவு உண்மை. மேலெழுதப்பட்டது என்றோ, பெரும்பகுதி தொலைந்தது என்றோ வந்தால் போலி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சிதறலாகச் சில இடங்களில் மட்டும் தரவு மாறியிருந்தால், அது பழுதான நினைவகமாகவோ இணைப்புக் கோளாறாகவோ இருக்கலாம். வேறொரு போர்ட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏற மறுப்பதைப் போலியின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அது கோப்புகளைப் பதியும் முறைகளில் ஒன்றான ஃபேட்32 ஃபார்மட்டின் வரம்பு. எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பெட்டியின் அச்சு, எழுத்துப்பிழை, எடை போன்ற வெளி அடையாளங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. நன்றாக அச்சடிப்பது கடினமல்ல. கணினி காட்டும் நிறுவனப் பெயரையும் அடையாள எண்ணையும்கூடக் கண்ட்ரோலரில் மாற்றி எழுதிவிடலாம். யுஎஸ்பி 3.0 என்று விற்கப்பட்டிருந்தால் மட்டும் முனையை உற்றுப் பாருங்கள்: வழக்கமான தட்டை முனையில் 2.0-க்கு 4 உலோகத் தொடுமுனைகளும், 3.0-க்கு உள்ளே தள்ளி மேலும் 5 சேர்ந்து 9-உம் இருக்கும். நீல நிறப் பிளாஸ்டிக் இதற்குச் சான்றாகாது.

போலி என்று தெரியவந்தால், முடிவுத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். உண்மையான அளவுக்குச் சுருக்கிப் பயன்படுத்த எஃப்3-இல் வழி உண்டு. ஆயினும் இத்தகையவற்றில் தரம் குறைந்த சில்லுகளே பொருத்தப்படுவது வழக்கம் என்பதால், குடும்பப் படங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்குள் சில படங்களை ஏற்றியிருந்தால், மேற்கொண்டு எதையும் எழுதாமல், திறக்கக்கூடியவற்றை உடனே வேறிடத்துக்கு நகலெடுங்கள். மேலெழுதப்பட்டவற்றை எந்த மீட்பு மென்பொருளாலும் கொண்டுவர இயலாது.

பென் டிரைவ் சோதனையில் தேறிவிட்டால், சோதனைக் கோப்புகளை நீக்கி, படங்களை ஏற்றி, ஒருமுறை கழற்றிச் செருகி, தொடக்கம், நடு, இறுதி என எல்லாப் பகுதிகளிலிருந்தும் சிலவற்றைத் திறந்து பாருங்கள். பிறகும், வேறொரு வன்தட்டில் இரண்டாம் நகல் ஒன்று எடுத்த பின்னரே மடிக்கணினியில் இருப்பவற்றை அழியுங்கள். அசல் பென் டிரைவும் ஒருநாள் பழுதாகக்கூடும்.