சம்பளமா, ஊதியமா, கூலியா? – கேள்வி பதில்

அலுவலகம் ஒன்றில் 28 ஆண்டுகள் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சம்பளம், ஊதியம், கூலி மூன்றும் ஒன்றுதானா ஐயா?

உழைப்புக்குக் கிடைக்கும் பணம் என்ற அளவில் ஒன்றுதான். புழங்கும் இடம்தான் வேறு. வாய்ப்பேச்சில் சம்பளம், அரசாணையில் ஊதியம், நாள்கணக்கில் வாங்கினால் கூலி. எங்கள் அலுவலகத்தில் தாளின் தலைப்பு ‘சம்பளப் பட்டியல்’. அதன் முதல் கட்டத்திலேயே ‘அடிப்படை ஊதியம்’. ஊதியம் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் லாபம். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று வள்ளுவர் சொல்வது (449) வியாபாரியின் ஆதாயத்தை.

பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் ‘கூலி’ என்று எழுத என் மகன் கூசுகிறான். அது மட்டமான சொல்லா?

இல்லை அம்மா. ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று குறளிலேயே (619) வருகிற சொல் அது. உடல் வருந்தியதற்கு உரியது என்ற மரியாதை அதில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது எனக்கும் பிடிக்காது. அது வாங்கும் பணத்தின் பெயர், தொழிலைச் சொல்லவில்லையே! கொத்தனார், கம்பி கட்டுபவர், சுமை தூக்குபவர் என்று செய்கிற வேலையை எழுதச் சொல்லுங்கள்.

சம்பா நெல்லும் ‘அளம்’ எனும் உப்பும் கொடுத்ததால் ‘சம்பளம்’ என்கிறார்களே?

கேட்க இனிமையான விளக்கம். ஆனால் அளம் என்பது உப்பு விளையும் இடம், உப்பு அன்று. வடமொழியில் ‘சம்பலம்’ என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. தானியத்தின் தடம் வேண்டுமானால் ‘படி’யைப் பாருங்கள். அரிசி அளந்த அதே படிதான் இன்று அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி.

18,000 ரூபாய் சம்பளம் என்றார்கள். கைக்கு 16,425தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா அண்ணா?

நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன் தம்பி. அடிப்படை ஊதியம் 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், வருங்கால வைப்பு நிதிக்கு. மொத்தம் 18,000க்கு 0.75 சதவீதம், 135 ரூபாய், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கு. இரண்டையும் கழித்தால் நீங்கள் சொன்ன தொகை. கணக்கு சரி. ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். நிர்வாகமும் தன் பங்காக வைப்பு நிதிக்கு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமான 585 ரூபாய் கட்ட வேண்டும். உங்களிடம் பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வைப்பு நிதிப் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிற விஷயம் அது.

இன்னொன்று: வேலைக்குச் சேரும்போது சொல்லும் ‘சி.டி.சி.’ என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு; அதில் நிர்வாகத்தின் பங்கும் அடக்கம். உங்கள் கணக்கில் அது 20,025. அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

தொகுப்பூதியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா?

சேருவது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. சொல்லின் பொருளை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள். தொகுப்பூதியம் என்றால் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. பொதுவாக அகவிலைப்படி கிடையாது, ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. இவை எல்லாம் உள்ளது காலமுறை ஊதியம். நியமன ஆணையில் இவ்விரண்டில் எது இருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள்.

மதிப்பூதியம்?

சம்பளமாகக் கருதாமல், செய்த பணியை மதித்துத் தருவது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர் பெறுவது போல.

இலங்கையின் ஹட்டனில் எங்கள் பாட்டி ‘இன்றைக்கு அரைப் பேர்தான்’ என்பார். சம்பளத்துக்கும் பேருக்கும் என்ன தொடர்பு?

உங்கள் பாட்டியின் சொல் அருமையானது. தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒருவர் பெயர் பதிவானால் அன்றைய சம்பளம் உண்டு. அதனால் ஒரு நாள் சம்பளமே ‘பேர்’ ஆயிற்று. சொன்ன எடைக்குக் கொழுந்து பறிக்காத நாளில் பாதிதான் விழும். அது அரைப் பேர். பாட்டியிடம் இன்னும் கேட்டு எழுதி வையுங்கள்.