'தி அலாரம் வென்ட் ஆஃப்': அடித்ததா, நின்றதா?

அடித்தது. நீங்கள் கேட்ட 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் சிக்ஸ்' என்பதற்கு, ஆறு மணிக்கு அலாரம் ஒலித்தது என்றுதான் பொருள். நின்றுபோனது என்று நீங்கள் எழுதிய விடை தவறு.

தமிழில் நாம் 'ஆஃப்' என்பதைப் பொதுவாக நிறுத்துவதற்குத்தான் பயன்படுத்துகிறோம்: ஃபேனை ஆஃப் பண்ணு, போனை ஆஃப் பண்ணு. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'விட்டு விலகி'. அதுவரை அடங்கியிருந்த ஒன்று சட்டென்று விடுபட்டுக் கிளம்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி வெடித்தாலும் 'வென்ட் ஆஃப்' என்று சொல்வது ஏன் என்பது புரிந்துவிடும்.

அடுத்த முறை இந்தத் தொடரைப் பார்த்தால் முதலில் எழுவாயைக் கவனியுங்கள்:

1. அலாரம், வெடிகுண்டு, துப்பாக்கி: ஒலித்தது அல்லது வெடித்தது.
2. விளக்கு, ஹீட்டர்: அணைந்தது.
3. பால், இறைச்சி: கெட்டுப்போனது. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'வென்ட் பேட்' என்பார்கள்.

ஆள் எழுவாயாக வந்தால் இந்தச் சோதனை மட்டும் போதாது, பின்னால் வருவதையும் பார்க்க வேண்டும். 'ஹி வென்ட் ஆஃப்' என்று தனியே நின்றால் கிளம்பிப் போனார். 'ஹி வென்ட் ஆஃப் காஃபி' என்றால் அவருக்குக் காபி பிடிக்காமல் போய்விட்டது.

அலாரம் நின்றதைச் சொல்ல 'ஸ்டாப்ட்' என்றே எழுதுங்கள். யாராவது நிறுத்தியிருந்தால் 'வாஸ் டர்ன்ட் ஆஃப்'.