வாசகர் கேள்வி – பதில்: காபிக்கும் இனிப்புக்கும் வீட்டிலேயே சிரப்

போன இதழில் ஐஸ் காபி பற்றி எழுதும்போது, "வாசனை சிரப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், பெரிய வேலை இல்லை" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், செய்து பார்த்தவர்கள் நிறையப் பேர், திருப்தியானவர்கள் கொஞ்சப் பேர் என்று தெரிகிறது. பாதிச் சிக்கலுக்குக் காரணம் ஒன்றுதான்: அடுப்பில் தேவைக்கு மேல் வைத்துவிடுகிறீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: அக்கா, சர்க்கரையும் தண்ணீரும் சரிசமமா, இல்லை சர்க்கரை இரண்டு பங்கா? ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். கப்பில் அளந்தால் போதாதா?

ப: இரண்டும் சரியான அளவுதான். ஒன்று இளசு, ஒன்று கெட்டி. சரிசமமாகப் போட்டால் எளிதாகக் கலக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். இரண்டுக்கு ஒன்று என்று போட்டால் நாள்பட நிற்கும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடியில் கல்கண்டு மாதிரி சர்க்கரை படியும். ஏன் என்றால், 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைத் தாங்கும், அதுவே 0 டிகிரிக்குப் போனால் 180 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? அடியில் உட்காரும். அதனால் நான் சொல்வது நடுவில் ஒரு அளவு, 300 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் தண்ணீர். ஃப்ரிட்ஜிலும் தெளிவாக இருக்கும், இனிப்பும் தூக்கலாக இருக்கும்.

கப் வேண்டாம், தராசு வையுங்கள். ஒரு கப் சர்க்கரை 200 கிராம் பக்கம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம் பக்கம். கப்பில் சரிசமம் என்று நினைத்துப் போடுவது எடையில் சரிசமம் கிடையாது, தண்ணீர்தான் அதிகம்.

முக்கியமானது இதுதான். சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கரண்டியால் அடியைத் தடவிப் பார்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கம்பிப் பதம், அரைக் கம்பி என்று எதுவும் இதில் கிடையாது. தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அப்புறம் நீங்கள் தராசில் அளந்ததற்கு அர்த்தமே இல்லை.

கே: ஒரு கிளாஸ் காபிக்கு எவ்வளவு ஊற்றலாம்?

ப: 240 மில்லிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, அதில் ஆரம்பியுங்கள். சரிசமமாகச் செய்த சிரப்பில் 15 மில்லிக்குள் சுமார் 9 கிராம் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். ஐஸ் போடுவதற்கு முன்பே காபியோடு கலந்துவிடுங்கள். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும், அதனால் ஐஸ் காபிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும்.

கே: வெனிலா சிரப் கொதிக்கும்போது வீடே மணக்கிறது. காபியில் ஊற்றினால் வெறும் இனிப்புதான் இருக்கிறது. எசென்ஸ் தரமில்லையா?

ப: எசென்ஸைக் குறை சொல்லாதீர்கள். வீடு மணந்தது என்றாலே வாசனை பாத்திரத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்றுதான் அர்த்தம். வெனிலா எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால்தான் வாசனையைச் சுமந்து நிற்கிறது. அதைக் கொதிக்கும் பாகில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஆவியாகிவிடும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள். 400 மில்லிக்கு இரண்டு டீஸ்பூன் போதும். வெனிலா காய் கிடைத்தால் நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் விதையை வழித்து, தோலையும் சேர்த்துச் சூடான பாகில் போட்டு மூடிவையுங்கள். ஓர் இரவு கிடக்கட்டும். காயை எடுத்துவிட்டாலும் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும், அது அழுக்கு இல்லை, விதைதான்.

இந்தக் கேள்வியை வேறு பொருள்களுக்கும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசனைப் பொருள்கள் எல்லாமே ஊறித்தான் இறங்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொறுமை வேறு. பட்டை கடினமானது. தண்ணீரில் ஐந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து அணைத்து, அரை மணி நேரம் மூடிவைக்கலாம். பட்டைத் தூள் மட்டும் போடாதீர்கள், ஈரம் பட்டதும் கொழகொழவென்று ஆகி எந்த வடிகட்டியிலும் இறங்காது. கிராம்பு இரண்டு மூன்றுக்கு மேல் போனால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும். இஞ்சியைத் தாராளமாகக் கொதிக்கவிடலாம், அது தாங்கும். புதினா மாதிரி இலைகளை அணைத்த பிறகு போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வைக்கோல் வாசனைதான் மிஞ்சும். லாவெண்டர் பூ ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் காபி குடிக்கிறோமா சோப்புத் தண்ணீர் குடிக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். என்னைக் கேட்டால் லாவெண்டரே வேண்டாம், ஆனால் அது என் விருப்பம்.

கே: கேரமல் சிரப்புக்குச் சர்க்கரையை உருக்கி, தண்ணீர் ஊற்றியதும் வெடித்துக்கொண்டு மேலே தெறித்தது. அப்புறம் மொத்தமும் கல்லாக இறுகிவிட்டது. பயந்துபோய்க் கொட்டிவிட்டேன்.

ப: பயந்ததில் தப்பே இல்லை, ஆனால் கொட்டியிருக்க வேண்டாம். நடந்தது என்ன என்று பாருங்கள். கேரமல் ஆகிற நேரத்தில் சர்க்கரை 170 டிகிரி பக்கம் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிற பொருள். பச்சைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் ஒரு பக்கம் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும், இன்னொரு பக்கம் சர்க்கரை சட்டென்று குளிர்ந்து இறுகும். இறுகினதை அப்படியே சிறு தீயில் வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் கரைந்து சிரப்பாகியிருக்கும்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். உயரமான, அடிகனமான பாத்திரம், உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது, கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. 200 கிராம் சர்க்கரையைப் பரப்பி, நடுத்தரத் தீயில் வையுங்கள். பக்கத்து அடுப்பில் 200 மில்லி தண்ணீர் சூடாக இருக்கட்டும். முதலில் ஓரங்கள் கண்ணாடி போலாகும், அப்புறம் வைக்கோல் நிறம், அப்புறம் தேன் நிறம். இங்கிருந்து கண்ணை எடுக்காதீர்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். தேன் நிறத்தில் நிறுத்தினால் வெறும் இனிப்பு, பாலோடு சேர்ந்தால் காணாமல் போய்விடும். செம்பு நிறம் வந்து, லேசாகப் புகை எழும்பப் போகிறது என்கிற நேரத்தில் அடுப்பை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தில் விடுங்கள். அப்போதும் சீறும், ஆனால் அடங்கும். நீளக் கரண்டி வேண்டும், முழுக்கைச் சட்டை நல்லது, குழந்தைகள் சமையலறையில் இருக்கக் கூடாது. உருகிய சர்க்கரை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். உப்பு கசப்பை அமுக்கிவிடும், கேரமலின் கசப்பையும் சேர்த்து, காபியின் கசப்பையும் சேர்த்து.

கே: ராஸ்பெர்ரி சிரப் அருமையாக வந்தது. சூடான லாட்டேயில் ஊற்றினால் பால் திரிந்துவிட்டது. பால் பழையதா?

ப: பால் புதிதாகவே இருந்திருக்கும். பழத்தின் புளிப்புதான் காரணம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அளவுக்கு இறங்கினால் திரண்டுவிடும், சூடாக இருந்தால் அதற்கு முன்பே திரளும். காபியே பிஎச் 5 பக்கம் இருக்கிற சமாச்சாரம், அதாவது ஏற்கெனவே வாசற்படியில் நிற்கிறது, நீங்கள் பழச்சாறு ஊற்றி ஒரு தள்ளு தள்ளிவிட்டீர்கள். சோயா பாலும் பாதாம் பாலும் இன்னும் சீக்கிரம் திரியும்.

பழ வாசனைதான் வேண்டும் என்றால் தோலைப் பயன்படுத்துங்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் மேல் நிறப்பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவி (உள்ளே இருக்கிற வெள்ளை கசக்கும்) சூடான பாகில் ஊறவிட்டால் எண்ணெய் வாசனை முழுக்க இறங்கும், புளிப்பு இறங்காது. ஆரஞ்சுத் தோல் சிரப்பும் சாக்லேட்டும் சேர்ந்த காபி அபாரமாக இருக்கும். ராஸ்பெர்ரி சிரப்பை பால் சேராத ஐஸ் காபிக்கும் சோடாவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எத்தனை நாள் வரும்? மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்தால் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

ப: கூடாது. பூஞ்சை மேலே தெரிந்தால் உள்ளேயும் இறங்கியிருக்கும், பாட்டிலோடு காலி செய்யுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சரிசம சிரப் மூன்று நான்கு வாரம், இரண்டுக்கு ஒன்று அதைவிட அதிகம், பழம் சேர்ந்தது ஒரு வாரம். சர்க்கரை கூடினால் ஏன் நாள்பட நிற்கிறது என்றால், கிருமி வளரத் தேவையான தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடாக ஊற்றியதும் மூடிவிட்டு, குளிர்ந்த பிறகு மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அது சொட்டி விழுகிற இடத்தில் சிரப்பின் மேற்பரப்பு மட்டும் நீர்த்துவிடும், பூஞ்சை அங்கேதான் ஆரம்பிக்கும். பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், கலந்துவிடும். பாட்டிலைக் கழுவிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுங்கள், நக்கிய ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். பழ சிரப்பை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் வேண்டியபோது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கே: வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார். எரித்ரிடால் என்ற சர்க்கரை மாற்றில் செய்தேன், மறுநாள் ஃப்ரிட்ஜில் முழுக்க மணல் மணலாகிவிட்டது.

ப: எரித்ரிடாலின் குணமே அதுதான், குளிரில் அது சர்க்கரை அளவுக்குக் கரைந்து நிற்காது. அல்லுலோஸ் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், நன்றாகக் கரையும், இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம் பக்கம் இருக்கும். ஸ்டீவியா என்றால் இனிப்பு வரும், கெட்டித்தன்மை வராது. அதற்கு சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடியைக் கால் லிட்டருக்கு ஒரு சிட்டிகை, தூவிக்கொண்டே அடித்துக் கலக்க வேண்டும், மொத்தமாகப் போட்டால் கட்டி தட்டும். இவற்றில் சர்க்கரை செய்கிற பாதுகாப்பு வேலை நடக்காது, அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும் செய்யுங்கள். அவருக்கு எது, எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைலிடால் என்ற சர்க்கரை மாற்றை வாங்கினால் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு அது விஷம்.

கே: ஹேசல்நட் சிரப் வீட்டில் வருமா?

ப: வரும், ஆனால் கடை பாட்டில் மாதிரி தூக்கலாக இருக்காது. 100 கிராம் ஹேசல்நட் கொட்டையை வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை நீக்கி, ஒன்றிரண்டாகப் பொடித்து, சூடான பாகில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு மெல்லிய துணியில் பிழிந்து எடுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், ஊற்றுமுன் குலுக்கிக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு முன் கொட்டை வகை அலர்ஜி உண்டா என்று கேட்டுவிடுங்கள், பார்த்தால் தெரியாது.

கே: இதே சிரப்பை கேக்கிலும் ஐஸ்கிரீம் மேலும் ஊற்றலாமா?

ப: கேக்குக்கு இளசு, ஐஸ்கிரீமுக்குக் கெட்டி. ஸ்பாஞ்ச் கேக்கில் தடவ சரிசம சிரப்தான் சரி, 20 சென்டிமீட்டர் அடுக்கு ஒன்றுக்கு மூன்று நான்கு டேபிள்ஸ்பூன், பிரஷால் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள், காய்வது ஓரம்தான். ஐஸ்கிரீம் மேல் நிற்க வேண்டும் என்றால் தேவையானதைத் தனியாக எடுத்துச் சுண்டவிடுங்கள், இங்கே மட்டும் கொதிக்கவிட அனுமதி. ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு நின்றால் இறக்கிவிடுங்கள், ஆறினால் இன்னும் கெட்டியாகும்.

கே: பாட்டிலில் பம்ப் மாட்டினேன். நான்கு நாளில் அடைத்துக்கொண்டது.

ப: மூக்கில் சர்க்கரை காய்ந்து அடைக்கிறது. பம்பைக் கழற்றி, ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அழுத்துங்கள். நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள், ஈரத்தோடு மாட்டினால் அந்தத் தண்ணீரும் சிரப்பில்தான் போய்ச் சேரும். இரண்டுக்கு ஒன்று சிரப்புக்குப் பம்பே வேண்டாம், மூக்கு வைத்த பாட்டில் போதும்.