அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது, இயர் 10 படிக்கிறாள். பதினாறு வயதில் எழுதுகிற ஜி.சி.எஸ்.இ. பரீட்சையின் ஆங்கில இலக்கியத்துக்கு ‘ரோமியோ ஜூலியட்’ வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் காதலித்து, களவாகக் கல்யாணம் கட்டி, கடைசியில் இரண்டு பேரும் செத்துப் போகிற கதையை இந்த வயதுப் பிள்ளைகளுக்கா படிப்பிப்பது? இது தொடங்கியதிலிருந்து மகள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எந்த நேரமும் அறைக்குள்தான். யாரையாவது விரும்புகிறாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் குளிக்கப் போன நேரம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். தகப்பன் மகளைத் திட்டுகிற ஓர் இடத்தில் தமிழில் ‘அப்பா’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறாள். இவர் கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனால் பிள்ளை மேல் உயிர். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு மட்டும் வேறு நாடகம் கொடுக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதலாமா?

— ஒரு தாய், ஹாரோ

பதில்: எழுதலாம். ஒன்றும் நடக்காது. இங்கிலாந்தில் சமய பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பாலியல் கல்வியிலும் ஒரு பகுதிக்கு உண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஜி.சி.எஸ்.இ.யில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கட்டாயம், எந்த நாடகம் என்பது பள்ளியின் முடிவு. உங்கள் மகளின் பள்ளி ‘மெக்பெத்’தை எடுத்திருந்தால், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனைப் புருஷனும் பெண்சாதியுமாகத் திட்டம் போட்டுக் கொல்கிற கதையைப் படித்துக்கொண்டிருப்பாள். அதற்கு நீங்கள் எனக்குக் கடிதம் போட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, பள்ளிக்கூட விஷயம் அவ்வளவுதான். காதல், களவு, பயம் என்று நீளமாக எழுதிக்கொண்டு போகிற நீங்கள், நடுவில் கிறுக்கலைப் பற்றிய குறையாக ஒரு வரியைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். ‘அப்பா’ என்று எழுதி இரண்டு கோடு. தங்கச்சி, நீங்கள் தேடுகிற அந்தப் பையனின் பெயரை அவள் எங்கேயும் எழுதவில்லை. எழுதியது உங்கள் வீட்டுக்காரரை. அதுவும் தமிழில், வகுப்பு ஆசிரியைக்கு விளங்காது, எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும் என்று தெரிந்துதான் எழுதியிருப்பாள்.

அந்தப் பக்கம் எதுவென்று எனக்குத் தெரியும். மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி. ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு ஆகவில்லை. முந்தின நாள்தான் பாதிரியார் லாரன்ஸ் முன்னால் ரோமியோவுடன் அவளுக்கு ரகசியமாகக் கல்யாணம் முடிந்திருக்கிறது. அதே நாளில் ரோமியோ அவளுடைய மாமன் மகன் டைபால்ட்டைக் கொன்றுவிட்டு ஊரை விட்டுத் துரத்தப்படுகிறான். விடிந்ததும் தாய் உள்ளே வருகிறாள். மகள் அழுவதைப் பார்த்து, டைபால்ட்டுக்காகத்தான் அழுகிறாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறாள். ‘ஏன் அழுகிறாய்’ என்ற கேள்வியே அங்கே இல்லை. உங்கள் மகள் பேசாமல் இருக்கிறாள், நீங்களும் காரணத்தை நீங்களே முடிவு செய்துகொண்டு எனக்கு எழுதுகிறீர்கள்.

அப்புறம் தகப்பன் கப்புலெட் வருகிறார். வரும் வியாழக்கிழமை பாரிஸ் பிரபுவுக்கும் உனக்கும் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மகள் மாட்டேன் என்கிறாள். மனிதர் வெடிக்கிறார். தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்கிறார். அடிக்கக் கை துடிக்கிறது என்கிறார். சொன்னதைக் கேட்காவிட்டால் தூக்கில் தொங்கு, பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் கிடந்து சா, உன்னை என் பிள்ளை என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்.

இந்த மனிதர் முதலிலிருந்தே இப்படியா என்றால், இல்லை. முதல் அங்கத்தில் இதே பாரிஸ் பெண் கேட்டு வரும்போது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், நீ முதலில் அவள் மனதை வெல், அவள் சம்மதித்தால்தான் என் சம்மதம் என்கிறார். மற்றப் பிள்ளைகளையெல்லாம் மண் விழுங்கிவிட்டது, இவள் ஒருத்திதான் மிச்சம் என்கிறார். பிள்ளை மேல் உயிர் என்கிறீர்களே, அவருக்கும் உயிர்தான். அந்த உயிரை வைத்துக்கொண்டுதான் தெருவில் செத்துப் போ என்றும் சொல்கிறார். பாசம் இருக்கிறது என்பதை ஏதோ நற்சான்றிதழ் போல இனி யாரிடமும் நீட்டாதீர்கள்.

‘அப்பா’ என்று எழுதியிருப்பதோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தகப்பன் கத்திவிட்டுப் போன பிறகு ஜூலியட் தாயிடம்தான் திரும்புகிறாள். அம்மா, என்னைத் தள்ளிவிடாதே, இந்தக் கல்யாணத்தை ஒரு மாதம், ஒரு வாரமாவது தள்ளிப் போடு என்று கெஞ்சுகிறாள். என்னோடு பேசாதே, நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை, உன் இஷ்டப்படி செய், உன்னோடு எனக்கு இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தாய் வெளியே போய்விடுகிறாள். கொஞ்சம் முன்னால், இந்த முட்டாள் தன் சவக்குழியையே கட்டிக்கொள்ளட்டும் என்றவளும் அவள்தான்.

கணவரின் கூச்சலுக்கு நடுவில் அந்தத் தாய் சொல்வதெல்லாம், உங்களுக்கென்ன பைத்தியமா, கோபம் மிஞ்சிப் போகிறது என்று இரண்டே இரண்டு வரி. அதோடு தன் கடமை முடிந்தது என்று நின்றுவிடுகிறாள். “இவர் கொஞ்சம் கோபக்காரர்தான்” என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். பிள்ளையை இப்படித் திட்டுவது உங்கள் தப்பு என்று கப்புலெட்டின் முகத்துக்கு நேரே சொன்னது பால் கொடுத்து வளர்த்த செவிலி. சம்பளத்துக்கு இருக்கிறவள். அவளும் திட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் பாரிஸையே கட்டிக்கொள் என்று பக்கம் மாறிவிடுகிறாள். இனி என் மனதில் இருப்பது உனக்குத் தெரியப்போவதில்லை என்று ஜூலியட் முடிவெடுப்பது அந்த நிமிடத்தில்தான். பாதிரியாரிடம் போனவளுக்கு நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம் போலக் கிடக்க வைக்கும் மருந்து கிடைக்கிறது, இரண்டு பேரின் சாவும் அதன் தொடர்ச்சிதான். காதல்தான் கொன்றது என்பது போல எழுதுகிறீர்கள். எனக்கு அந்த வீட்டின் மூன்று பெரியவர்கள்தான் முதலில் தெரிகிறார்கள்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் கணவர் கை நீட்டுவாரா? கடிதத்தில் அது இல்லை. அந்த இரண்டு கோடும் எந்த வரிக்குக் கீழே என்று நீங்கள் எழுதவில்லை, கை துடிக்கிறது என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது. நீட்டுகிறவர் என்றால், பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். பிள்ளையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் அவள் பள்ளியிலேயே இருப்பார். இன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வெறும் வாய்க் கோபம் என்றால் மேலே படியுங்கள்.

பதினான்கு வயதில் காதல் வேண்டாம் என்கிற கட்சிதான் நானும். அந்த இரண்டு பேரையும் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப் போகாது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து, திங்கட்கிழமை கல்யாணம் முடிப்பது பைத்தியக்காரத்தனம். பிள்ளைக்குப் பெற்றவர்களிடம் கடமை உண்டு, அதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வீட்டில் தகப்பனுக்குக் கோபம் வந்தால் குறுக்கே வந்து நிற்க வேண்டியவள் தாய். அவள் ஒதுங்கிக்கொண்டால், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு மகளைக் கேட்கும் அருகதை அவளுக்கு இல்லை. நீங்களோ பள்ளிக்கு எழுதத் துணிகிறீர்கள், எனக்கும் எழுதிவிட்டீர்கள். அவர் கத்தும்போது “போதும்” என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்?

உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு புத்தகமும் இருக்கத்தான் செய்கிறது. ஷேக்ஸ்பியருக்கு முன்னால், 1562-இல், ஆர்தர் ப்ரூக் என்பவர் இதே கதையை ஆங்கிலத்தில் நீண்ட பாட்டாக எழுதினார். பெற்றவர் சொல் கேளாமல் ஆசைக்கு அடிமையானவர்களின் கதி இது என்று முன்னுரையிலேயே காதலர்களைக் காய்ச்சி எடுக்கிறார். 1590-களின் நடுவில் ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தபோது அந்த உபதேசத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். மாதக்கணக்கில் நடந்த கதை ஒரு வாரத்துக்குள் அடங்கியது. பதினாறை நெருங்கிய பெண்ணைப் பதின்மூன்று வயதுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய மூத்த மகள் சுசானா பிறந்தது 1583-இல். எழுதிய காலத்தில் அவர் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வயதில் ஒரு பெண். இதைப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

கிறுக்கல் பற்றிய குறையும் வேண்டாம். வாசித்துக்கொண்டே ஓரத்தில் குறிப்பு எழுதச் சொல்லித்தான் வகுப்பில் கற்பிக்கிறார்கள். பரீட்சை மண்டபத்துக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் பரீட்சை என்றால் நாடகத்தின் ஒரு பகுதியை அச்சடித்துக் கொடுத்து, அதிலிருந்து முழு நாடகத்துக்கும் போய் எழுதச் சொல்வார்கள். எழுத்துப்பிழைக்கும் இலக்கணத்துக்குமான நான்கையும் சேர்த்து 34 மதிப்பெண். கப்புலெட் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று கேட்டால், உங்கள் மகளிடம் சொல்ல விஷயம் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகளிடம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கேளாமல் எடுத்தது பிழை என்றும் சொல்லுங்கள். அந்தக் காட்சியை எனக்கு வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். தாய் பேசும் இடம் வரும்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பையன் யார் என்ற கேள்வி அன்றைக்கு வரவே கூடாது. கணவரிடம் தனியாக, நீங்களேதான் பேச வேண்டும், பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள். முதல் அங்கத்தில் கப்புலெட் பாரிஸிடம் சொன்னதை முதலில் வாசிக்கக் கொடுங்கள், பிறகு மூன்றாம் அங்கத்தை. அவருக்குக் கோபம் வரும், வரட்டும், எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.

அடுத்த கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்பதையும், அந்த இரண்டு கோடும் எந்த வரிக்குக் கீழே என்பதையும் எழுதுங்கள். பள்ளிக்கு எழுத வைத்திருந்ததைக் கிழித்துப் போடுங்கள்.