காமன்வெல்த்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ஆங்கில ஆட்சியை அகற்றிய இந்தியா, அவர்களுடைய மன்னரைத் தலைவராகக் கொண்ட காமன்வெல்த்தில் ஏன் சேர்ந்தது? விடுதலை பெற்ற பிற நாடுகளும் ஏன் அதைப் பின்பற்றின?

பதில்: பெரும்பாலும் பிரிட்டன் ஆண்ட நாடுகள் இணைந்திருக்கும் அமைப்பே காமன்வெல்த். அதில் இந்தியா புதிதாகச் சேரவில்லை. 1947 ஆகஸ்டில் டொமினியன் (பிரிட்டிஷ் மன்னரையே தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு) என்ற நிலையில் விடுதலை பெற்றபோதே அது உறுப்பு நாடுதான். குடியரசாவது என்று நாம் முடிவெடுத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ஏனெனில் அன்றைய நடைமுறைப்படி பிரிட்டிஷ் மகுடத்துக்குக் கட்டுப்படாத நாட்டுக்கு அங்கே இடம் கிடையாது. குடியரசாகவே விடுதலை பெற்ற பர்மா 1948 ஜனவரியில் வெளியே நின்றுவிட்டது. அயர்லாந்து 1949 ஏப்ரல் 18 அன்று குடியரசாகி விலகியது.

அடுத்த சில நாட்களில் எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடினார்கள். குடியரசு என்பதில் நேரு விட்டுக்கொடுக்கவில்லை, உறவை முறிக்கவும் அவர் விரும்பவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் அட்லிக்கும் இந்தியாவை இழக்க மனமில்லை. முடிவில் வெளிவந்த லண்டன் பிரகடனம் சில பத்திகளே கொண்ட ஆவணம். சுதந்திர நாடுகள் விரும்பி இணைந்திருப்பதன் அடையாளமாகவும், அந்த அளவில் காமன்வெல்த்தின் தலைவராகவும் மன்னரை இந்தியா ஏற்கும் என்று அது கூறியது. பிற நாடுகளின் உறுப்புரிமைக்கான அடிப்படை மாறவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. அரசியல் நிர்ணய சபையில் எதிர்ப்பு எழுந்தபோது, விரும்பிச் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டிலிருந்து விரும்பினால் விலகவும் முடியும் என்று விளக்கி நேரு ஒப்புதல் பெற்றார்.

இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் காமன்வெல்த் வெள்ளையர் ஆளும் சில நாடுகளின் சங்கமாகவே சுருங்கியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. 1957இல் கானா சேர்ந்து, இந்தியா காட்டிய வழியில் 1960இல் குடியரசானது. அதே 1957இல் மலாயா தனக்கென ஓர் அரசருடனேயே உள்ளே வந்தது. இன்றுள்ள 56 உறுப்பு நாடுகளில் 15இல் மட்டுமே சார்லஸ் மன்னர் நாட்டுத் தலைவர்.

கேள்வி (மதுரை வாசகி): தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து விலகியதா, விலக்கப்பட்டதா?

பதில்: ஆவணப்படி விலகியது, உண்மையில் அது அங்கே இருக்க முடியாத நிலையைப் பிற நாடுகள் உருவாக்கின. குடியரசாக மாறும் உறுப்பு நாடு, தொடர்ந்து நீடிக்க மற்றவர்களின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது 1949க்குப் பின் வழக்கமாகியிருந்தது. இந்தியாவுக்குக் கதவைத் திறந்துவைத்த அதே வழக்கம்தான் 1961 மார்ச்சில், குடியரசாக முடிவெடுத்திருந்த தென்னாப்பிரிக்காவின் பிரதமர் வெர்வோர்டைச் சிக்கவைத்தது. அதற்கு ஓராண்டு முன்பு தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள்மீது போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்திருந்தார்கள். சம்மதம் கேட்டு வந்த வெர்வோர்டின் எதிரே இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, மலாயா, கானா, நைஜீரியா ஆகிய நாடுகளின் தலைவர்கள் அமர்ந்திருந்தார்கள். கனடாவின் பிரதமர் டீஃபன்பேக்கரும், கறுப்பின மக்களைச் சட்டப்படியே ஒதுக்கிவைத்த இன ஒதுக்கலைக் கண்டிப்பதில் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். விடுதலையை எதிர்நோக்கியிருந்த டாங்கன்யிகாவின் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) தலைவர் நைரேரேயோ, தென்னாப்பிரிக்கா நீடித்தால் தம் நாடு சேராது என்று முன்னரே எழுதியிருந்தார். வெர்வோர்ட் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன ஒதுக்கல் ஆட்சி ஒழிந்து, மண்டேலா அதிபரான பிறகு, 1994இல்தான் தென்னாப்பிரிக்கா திரும்பியது.

எண்ணிக்கையில் கூடியதோடு நில்லாமல், இந்த அமைப்புக்கு ஒரு மனச்சாட்சியையும் புதிய நாடுகள் கொடுத்தன. 1965இல் தனிச் செயலகம் அமைந்ததற்கும் கானாவின் நிக்ருமா போன்ற ஆப்பிரிக்கத் தலைவர்களின் வற்புறுத்தலே காரணம். அதுவரை கூட்டங்களை நடத்தும் பணி பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தின் கையில் இருந்தது.

கேள்வி (கோவை வாசகர்): பிரிட்டன் ஆளாத நாடுகளும் உறுப்பினராக இருக்கின்றனவாமே?

பதில்: ஆம். போர்த்துகீசியர் ஆண்ட மொசாம்பிக் 1995இலும், பெல்ஜியத்தின் ஆளுகையில் இருந்த ருவாண்டா 2009இலும், காபோனும் டோகோவும் 2022இலும் சேர்ந்தன. மொசாம்பிக்கின் எல்லையைத் தொடும் ஆறு நாடுகளும் அப்போது உறுப்பு நாடுகளாக இருந்ததால் அதன் சேர்க்கையில் நியாயம் இருந்தது. ஒரே குடும்பம் 1967 முதல் ஆண்டுவந்த காபோனைச் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மறு ஆண்டே அங்கு ராணுவம் ஆட்சியைப் பிடிக்க, அதன் உறுப்புரிமையைப் பகுதியளவில் நிறுத்திவைக்க நேர்ந்தது.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): மனித உரிமை பேசும் காமன்வெல்த், 2013இல் கொழும்பில் தன் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடும் மாநாட்டை நடத்தியது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது. 1991இல் ஹராரே பிரகடனத்தின் மூலம் மக்களாட்சியையும் மனித உரிமையையும் அடிப்படைக் கொள்கைகளாக ஏற்ற அமைப்பு இது. 1995இல் எழுத்தாளர் கென் சாரோ விவாவும் தோழர்களும் நைஜீரியாவின் ராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டதும் நைஜீரியாவின் உறுப்புரிமையை உடனே நிறுத்திவைத்தது. ஆனால் இலங்கையில் போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், கொல்லப்பட்ட பொதுமக்களுக்கு நம்பத்தக்க விசாரணை எதுவும் நடக்காதபோதே, கொழும்பில் மாநாட்டை நடத்த அது சம்மதித்தது. கனடாவின் பிரதமர் ஹார்ப்பரும் மொரீஷியஸின் பிரதமர் ராம்கூலமும் வரவில்லை. இந்தியா முற்றாகப் புறக்கணிக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பின், மன்மோகன் சிங் தாம் போகாமல் வெளியுறவு அமைச்சரை அனுப்பினார். பிரிட்டனின் பிரதமர் கேமரன் மாநாட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கும் சென்று, காணாமற்போனோரின் உறவினர்கள் படங்களை ஏந்தி நின்றதை நேரில் கண்டார். அப்படியிருந்தும், மாநாட்டை நடத்திய நாட்டின் தலைவர் என்ற முறையில் மகிந்த ராஜபக்சவே காமன்வெல்த்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1961இல் லண்டனில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் காட்டிய உறுதியை 2013இல் அவற்றில் பெரும்பாலானவை காட்டவில்லை.