மகளை மாநாட்டுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டி, மகளை எம்.எஸ்சி. கணிதம் வரை படிக்க வைத்திருக்கிறீர்கள். இப்போது மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் மாநாடு. பதிவுக் கட்டணம் 700 ரூபாய். கட்டுரையை மாநாட்டுத் தொகுப்பு நூலில் போட வேண்டுமென்றால் இன்னும் 2,500. ஒரு ராத்திரி வெளியூரில் தங்க வேண்டும். "இதனால வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாநாட்டுச் சான்றிதழைக் காட்டி யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. ஆனாலும் அனுப்பி வையுங்கள்.

முதலில் அந்த 2,500 ரூபாயைப் பேசிவிடுவோம். அதை இப்போது கட்ட வேண்டாம். 2016-இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் இருந்தாக வேண்டியிருந்தது. அதனால் கட்டுரை எண்ணிக்கையைத் துரத்தும் பழக்கம் கல்லூரிகளில் ஊறிப்போனது. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. சில பல்கலைக்கழகங்கள் தமக்கென்று விதி வைத்திருக்கலாம், ஆனால் அது பிஎச்.டி. சேர்ந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம். எம்.எஸ்சி. முதலாமாண்டில் தொகுப்பில் பெயர் வந்தாக வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. உதவிப் பேராசிரியர் வேலைதான் அவள் கனவு என்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். 2023-இல் யு.ஜி.சி. அதைத்தான் குறைந்தபட்சத் தகுதியாக அறிவித்தது. பணத்தை அந்தத் தயாரிப்புக்கு எடுத்து வையுங்கள்.

அப்புறம் எதற்கு மாநாடு என்று கேட்பீர்கள்.

உங்கள் மகள் பேசப்போவது கிராப் லேபிளிங் பற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்க் கல்லூரி மாநாடுகளில் மிக அதிகமாகக் காதில் விழும் தலைப்புகளில் அதுவும் ஒன்று. அது என்ன என்று உங்களுக்கே காட்டுகிறேன், ஒரு தாளை எடுங்கள். வரிசையாக நான்கு புள்ளி வைத்து, கோடு போட்டு இணையுங்கள். மூன்று கோடு வரும். புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை அந்தந்தக் கோட்டின் மேல் எழுதுங்கள். 3, 2, 1. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை, ஒன்றும் விட்டுப்போகவில்லை. இதைத்தான் கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்கிறார்கள். வளையம் இல்லாமல் கிளை பிரிந்து போகும் எந்தப் படத்துக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா? 1960-களில் எழுந்த கேள்வி இது. இன்றுவரை முழு நிரூபணம் வரவில்லை.

பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்லைடில் உள்ள வரையறையையும் தேற்றத்தையும் அப்படியே வாசித்துவிட்டு, மணி அடித்ததும் இறங்கிவிடுகிறார்கள். உங்கள் மகள் கரும்பலகையில் இந்த நான்கு புள்ளியைப் போட்டு ஆரம்பிக்கட்டும். "என் முறை இந்த வகைப் படத்துக்குப் பொருந்துகிறது, இந்த இடத்தில் உடைகிறது" என்று சொல்லட்டும். உடையும் இடத்தைச் சொல்லும்போதுதான் முன்வரிசையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அவர் கேட்கும் ஒரு கேள்வி ஆறு மாத வேலைக்கு ஆகும். பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

நான் எம்.எஸ்சி. படித்தபோது என் முதல் மாநாட்டில் என் உரை முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு மதியமே பஸ் ஏறிவிட்டேன். என் ஆசிரியர் "அடுத்த அமர்வில் உட்காரு" என்று சொல்லியிருந்தார். அது புள்ளியியல் அமர்வு, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கணித மாணவர்கள் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணித அறிவியல் பாடத்திட்டத்தில் நான்காவது அலகு பெரும்பாலும் புள்ளியியலைச் சுற்றித்தான். கணிதம் மட்டும் படித்த பிள்ளைகள் பலர் அந்த அலகைத் தொடாமலே தேர்வுக்குப் போகிறார்கள். அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைத் தகுதி) கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று துறையும் ஒரே கூரையின் கீழ் வருவதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகள் லீனியர் அல்ஜீப்ரா தாளில் ஐகன் மதிப்பு என்று ஒன்றைப் படித்திருப்பாள், எண்களை அடுக்கிய ஓர் அணியிலிருந்து (மேட்ரிக்ஸ்) கணக்கிட்டு எடுக்கும் எண் அது, ஐந்து மதிப்பெண் கணக்காக. புள்ளியியல் அமர்வில் உட்கார்ந்தால், ஐம்பது கேள்வி உள்ள ஒரு சர்வேயை மூன்று நான்கு அளவுகளாகச் சுருக்க அதே ஐகன் மதிப்பைப் பயன்படுத்துவதைப் பார்ப்பாள். கணினி அமர்வுக்குப் போனால், கூகுள் தன் தேடல் பக்கங்களை வரிசைப்படுத்த ஆரம்பத்தில் வைத்திருந்த பேஜ்ரேங்க் முறைக்கும் அதே கணக்குதான் அடிப்படை என்று தெரியும். "கணக்கு படிச்சா டீச்சர் வேலையைத் தவிர என்ன இருக்கு?" என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு நான் பதில் சொல்வதைவிட அவளே இதை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். இந்தக் கணக்குகளைக் கணினியில் போட உதவும் ஆர், பைத்தான் இரண்டும் இலவச மென்பொருள்கள்தான். கல்லூரி லேபிலேயே பழகலாம்.

டீ இடைவேளையில் சிறப்பு விருந்தினரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அவள் தேடிப் பேச வேண்டியது அங்கே வந்திருக்கும் பிஎச்.டி. மாணவிகளிடம். எந்த வழிகாட்டியிடம் சேர்ந்தாய், உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, நெட்டுக்கு எதிலிருந்து தொடங்கினாய் என்றெல்லாம் கேட்கட்டும். எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் விசாரிக்கட்டும். 1993-இலிருந்து நடக்கும் பயிற்சி அது, மனப்பாடம் செய்த பிள்ளைகளை யோசிக்க வைப்பதற்கென்றே வந்தது. இந்தத் தகவல்கள் எந்தப் பிராஸ்பெக்டஸிலும் முழுசாக இருக்காது.

ஒரு பழைய விஷயத்தையும் சொல்லத் தோன்றுகிறது. 1910-இல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனது வேலை கேட்டுத்தான். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர், வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இந்தப் பிள்ளையை உட்கார வைக்க மனம் வராமல், சென்னையில் கணிதம் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அடுத்த ஆண்டே அந்தக் கழகத்தின் ஆய்விதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆக மாட்டார்கள்தான். ஆனால் நோட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் முன்னால் அதைக் கொண்டுபோய் வைக்கும் சந்தர்ப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் மட்டும் போய் வரும் பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கும்?

ராத்திரி தங்குவது பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கல்லூரியிலிருந்து எந்த ஆசிரியை கூட வருகிறார், பெண்கள் விடுதியிலேயே இடம் கொடுக்கிறார்களா, வார்டன் எண் என்ன என்று துறைத் தலைவரிடம் (ஹெச்.ஓ.டி.) நேரிலேயே கேளுங்கள். கல்லூரி வேலையாக வெளியே போகிறாள் என்று காட்டும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடச் சொல்லுங்கள், வருகைப் பதிவில் சிக்கல் வராது. திரும்பி வரும் பஸ்ஸை மட்டும் இரண்டாம் நாள் கடைசி அமர்வு முடிந்த பிறகு இருப்பதாகப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, தறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சை அவள் உங்களிடமும் அம்மாவிடமும் தமிழில் சொல்லிக் காட்டட்டும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். மாநாட்டில் அவளிடம் வரும் முதல் கேள்வியும் அநேகமாக அந்த இடத்தில்தான் இருக்கும்.